ஊர் சுற்றிய அடுப்பங்கரை

ஊசிக்குறிச்சியில் ஒரு சித்திரை மாத மதியம், எல்லாரும் சாப்பிட்டு முடித்து, ஆண்களெல்லாம் கட்டிலிலும் பெண்களெல்லாம் பாத்திரத்திலும் கிடந்த நேரத்தில், எங்கள் வீட்டு அடுப்பங்கரை எழுந்து வெளியே கிளம்பிப் போனது.

நான் அப்போது உள்ளேதான் இருந்தேன். சோற்றுப்பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் மகள் வர்ஷினி ஆட்டுரலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். எருமை எழுந்திருக்கும்போது முதலில் பின்பக்கத்தைத் தூக்குமே, அதே மாதிரி பாத்திரம் கழுவுகிற அங்கணக்குழிப் பக்கம் முதலில் எழும்பியது, பிறகு அடுப்புப் பக்கம் எழும்பியது, தட்டில் கவிழ்த்து வைத்த தம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன, அவ்வளவுதான், சன்னல் வழியே பார்த்தால் எங்கள் புளியமரம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். அணைந்திருந்தது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி பானையைச் சுரண்டினேன். பாதியில் விட்டால் பருக்கை காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் அடுப்பங்கரை வீட்டோடு சேர்ந்தது இல்லை. புகை வீட்டுக்குள் வரக்கூடாது என்று என் மாமனாரின் பாட்டனார் அதைப் பின்பக்கம் தனியாக, நாலு மண்சுவரும் ஓட்டுக்கூரையுமாகக் கட்டியிருந்தார். அதனால் அது கிளம்பியபோது எதையும் பிய்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. கரண்டு வயர் மட்டும் பட்டென்று விட்டுப் போனது. கால் இருந்ததா என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள். குனிந்து பார்த்தவர்கள் கண்ணிலெல்லாம் புகைதான் பட்டது.

அதற்கு முந்தின வாரம்தான் என் மாமனார் பூதத்தான், “இனிமே நீ அடுப்பங்கரையை விட்டு ஒரு எட்டு வெளிய வைக்கப்படாது” என்று எனக்கு உத்தரவு போட்டிருந்தார். எங்கள் ஊரில் நடக்கிறது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான், ஒரு காலை எடுத்து வைத்து மறுகாலை எடுத்து வைக்கிறது. ஆனால் அதற்கு வைக்கிற பெயர் ஆளைப் பார்த்துத்தான் வைப்பார்கள். அம்மன் கிளம்பினால் அது திருவீதி உலா, பஞ்சாயத்துத் தலைவர் கிளம்பினால் சுற்றுப்பயணம், என் மாமனார் எதிரே இருக்கிற டீக்கடைக்கு மூன்று தெருவையும் களத்துமேட்டையும் சுற்றிக்கொண்டு போனால் நாலு விஷயம் தெரிந்து வருவது, என் வீட்டுக்காரர் தவசி லாரியை எடுத்துக்கொண்டு நாக்பூர் வரைக்கும் போய் மாதக்கணக்கில் வராமல் இருந்தால் பிழைப்பு, எருமை போனால் மேய்ச்சல், நாய் போனால்கூட ஏதோ திரியுது பாவம் என்று விட்டுவிடுவார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தெருக் குழாயை விட்டு அடுத்த தெருக் குழாய்க்குப் போனால் மட்டும், பூதத்தான் மருமகள் ஊர் சுத்துதா.

குழாய்க்கு அல்ல, குளத்தங்கரைக்கு நான் போனதுதான் உண்மையான குற்றம். எங்கள் ஊருக்கும் பருத்திநல்லூருக்கும் நடுவே ஒரு ஓடை, ஓடையோரம் வரிசையாகப் பனை. அதைத் தாண்டினால் முதல் வீடு என் அக்கா ஆவுடையின் வீடு. கரையில் ஏறி நின்றால் அவள் வீட்டுத் துணிக்கொடி தெரியும். அந்தக் கொடியில் ஒரு நாள் கைக்குட்டை அளவில் சின்னச் சின்னச் சீலைத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அக்கா போன் பண்ணிச் சொல்வதற்கு முன்னாலேயே, அவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்கு அம்மா இல்லை. அக்கா வீட்டில் மாமியாரும் இல்லை. மாமனார் அணைஞ்சபெருமாள், புருஷன், இரண்டு கொழுந்தன்மார் என்று மருந்துக்குக்கூட இன்னொரு பெண் கிடையாது. பிள்ளை பெற்றவளுக்குக் காலையில் ரஸ்க்கு, மதியம் கடைச் சாம்பார், ராத்திரி புரோட்டா. போனில் பேசுவோம், அதற்குத் தடை இல்லை. “பால் ஊறலட்டி பிரமு, பிள்ள அழுதுக்கிட்டே இருக்கு” என்று அவள் சொல்லுவாள். பூண்டும் மிளகும் சுக்கும் வைத்து அரைத்து ஒரு பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்தால் உடனே பால் சுரந்துவிடும், அது எனக்குத் தெரியும், ஆனால் போனில் குழம்பை ஊற்ற முடியாதே.

போகக்கூடாது என்பதற்குக் காரணம் சேனைக்கிழங்கு. அக்காவின் நாத்தனார் கல்யாணத்தில் என் மாமனாரை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை. இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தபோது சேனைக்கிழங்கு வறுவல் தீர்ந்திருந்தது. மாமா எச்சில் இலையை மடிக்காமல் எழுந்து, பந்தலுக்கு நடுவே நின்று, “எங்க வீட்டுக் கால் ஒண்ணுகூட இனி இந்த ஊர் மண்ணை மிதிக்காது” என்று அம்மன் மேல் சத்தியம் பண்ணினார். அணைஞ்சபெருமாள் மட்டும் இளைத்தவரா? “எங்க வீட்டுக் கை ஒண்ணுகூட இனி உங்க வீட்டுச் சோத்துல நனையாது” என்று அதே அம்மன் மேல் பதில் சத்தியம் பண்ணினார். எங்கள் பக்கத்து மனிதர்கள் வேறு எதை மறந்தாலும் சத்தியத்தை மறக்க மாட்டார்கள். அதை அளந்து, ஒரு அங்குலம் கூடாமல் குறையாமல் காப்பாற்றுவார்கள்.

முதல் நாள் அடுப்பங்கரை அதிக தூரம் போகவில்லை. மேலத்தெரு வழியாகப் போய், முருங்கைமரத்தடியில் கொஞ்சம் நின்று, ரேஷன் கடை வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோழி அடைகிற நேரத்துக்குத் திரும்பி வந்து தன் பழைய தடத்தில் உட்கார்ந்தது. வாசலில் என் மாமியார் வடிவு அத்தை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“எங்கட்டி போனே?”

“நான் எங்கயும் போகல அத்தை. அடுப்பங்கரையிலதான் இருந்தேன்.”

அத்தை உள்ளே எட்டிப் பார்த்தாள். பானை கழுவிக் கவிழ்த்திருந்தது, பிள்ளை சோறு தின்றிருந்தது, சாயங்காலக் காப்பிக்குப் பால் அடுப்பில் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. “நேரத்துக்கு வந்திட்டு” என்று அடுப்பங்கரையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு தினமும் போனது. ஊர் என்ன செய்தது என்று கேட்டால், ஊர் தன் வேலையைப் பார்த்தது. மின்வாரியத்து ஆள் வந்து, இருப்பிடம் மாறுகிற கட்டடத்துக்கு இணைப்புக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி வயரைச் சுருட்டிக்கொண்டு போனார். சிலிண்டர் போடுகிறவர் மட்டும் சிரமம் பார்க்காமல், “அக்கா, இப்ப எந்தப் பக்கம் நிக்கிய?” என்று போன் போட்டுக் கேட்டு, வண்டியைக் கூடவே ஓட்டி வந்து சிலிண்டரை உருட்டிவிட்டுப் போனார். பீடி சுற்றுகிற பெண்கள், வீட்டில் உட்கார்ந்து சுற்றினால் என்ன, உன் வீட்டில் உட்கார்ந்து சுற்றினால் என்ன என்று தட்டும் கையுமாக ஏறிக்கொண்டார்கள். யாராவது கேட்டால், பிரமு வீட்டு அடுப்பங்கரையில் இருந்தேன் என்று சொன்னார்கள், அதில் பொய் ஏதும் இல்லை. ஆண்களுக்கு வேறு கவலை. தெருமுனையில் அடுப்பங்கரையைக் கண்டதும் தம்ளரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்து, “எம்மா, ஒரு வாய் காப்பி” என்று சன்னலில் நீட்டினார்கள். நடந்துகொண்டே காப்பி ஆற்றுவது ஒன்றும் கஷ்டமில்லை, குலுங்கலில் தானே ஆறிவிடும்.

தவசி நாக்பூரிலிருந்து போன் பண்ணினார்.

“எங்க இருக்கே?”

“அடுப்பங்கரையில.”

“என்ன ஆரன் சத்தம் கேக்கு?”

“டவுன் பஸ்ஸு. வழி விடச் சொல்லி அடிக்கான்.”

“யாரை?”

“அடுப்பங்கரையை.”

அந்தப் பக்கம் லாரி கியர் மாறுகிற சத்தம் கேட்டது. “சரி சரி. வெளிய எங்கயும் போயிராத” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு நாள் அது அம்மன் கோயிலை இடப்பக்கமாகச் சுற்றிவிட்டது. அது எந்தப் பக்கமும் பார்த்துப் போகிற சாதி இல்லை, அன்றைக்கு வலப்பக்கம் ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் கோயில் கமிட்டிக்காரர்கள் ஊர்க்கூட்டம் கூட்டிவிட்டார்கள். கூட்டம் சமுதாய நலக்கூடத்தில் நடந்தது. பெண்களுக்கு அதில் இடமில்லை. அடுப்பங்கரை போய் அந்தக் கூடத்துச் சன்னலோரம் ஒட்டி நின்றுகொண்டதால், கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டேன்.

இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் கூட்டத்தின் பிரச்சினை. பெயர் வைத்தால்தான் கும்பிடுவதா, தண்டிப்பதா, அனுமதி கொடுப்பதா என்று தெரியும். உலா என்றார் ஒருவர். உள்ளே அம்மன் சிலை இல்லையே, அம்மிதானே இருக்கிறது என்றார் இன்னொருவர். மேய்ச்சல் என்றால் கொம்பு வேண்டும், பிழைப்பு என்றால் லாரி வேண்டும் என்று இழுபறி நடந்தது. கடைசியில் இங்கிலீஷ் வாத்தியாரை எழுப்பிவிட்டார்கள்.

“இங்கிலீஷ்ல ரோம்னு ஒரு சொல் இருக்கு” என்றார் வாத்தியார். “போற இடம் இதுன்னு இல்லாம, காரணமும் இல்லாம, மனம்போன போக்குல போறது. மாடு புல்லுக்காட்டுல போறதுக்கும் அதுதான் சொல்லு, ராஜா காட்டுக்குள்ள போறதுக்கும் அதுதான். நம்ம கண்ணு ஒருத்தர் மொகத்துலேருந்து இன்னொருத்தர் மொகத்துக்குப் போகுதே, அதுக்கும் அதுதான். வேற மாநிலத்துக்குப் போனா போனுல ரோமிங்னு காட்டுதே, அதுவும் அதுதான்.”

கூட்டம் திகைத்துப் போனது. “மாட்டுக்கும் ராஜாவுக்கும் ஒரே சொல்லா? அந்த ஊர்ல மரியாதையே கிடையாதா வேய்?” என்றார் கமிட்டித் தலைவர்.

என் மாமனார் எழுந்தார். “வாத்தியாரே, அது பொம்பளைக்கும் பொருந்துமா?”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்து, போட்டு, மறுபடி கழற்றினார். “பொருந்தும்னுதான் தோணுது. ஆனா பாடப்புத்தகத்துல உதாரணம் குடுக்கல.”

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. உதாரணம் இல்லாததை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? இங்கிலீஷைத் தள்ளிவிட்டு, அடுப்பங்கரை ஆணா பெண்ணா என்று பார்க்கலாம், அதிலிருந்து பெயரை முடிவு பண்ணலாம் என்று இறங்கினார்கள். சுவர் பூதத்தானின் பாட்டனார் கட்டியது, ஆகவே சுவர் ஆண். அடுப்பு லட்சுமி, ஆகவே அடுப்பு பெண். அதனால் வெளியிலிருந்து பார்க்கிறபோது அது உலா, உள்ளே இருக்கிறவளைப் பொறுத்தவரை அது ஊர் சுற்றல் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. மறுநாளிலிருந்து ஜனங்கள் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். அடுப்பங்கரை வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள், சன்னலில் என் முகம் தெரிந்தால், “ஒரு எடத்துல இருப்பு கொள்ளாதா ஒனக்கு?” என்று ஏசினார்கள். சிலர் இரண்டையும் ஒரே மூச்சில் செய்து, கையோடு காப்பியும் வாங்கிக் குடித்தார்கள்.

எனக்கு இவர்கள் வைக்கிற பெயரில் அக்கறை இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த அடுப்பங்கரை ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஓடையைத் தாண்ட வேண்டும். பூண்டு உரித்து வைத்திருந்தேன், மிளகும் சுக்கும் திப்பிலியும் வறுத்துப் பொடித்து டப்பாவில் வைத்திருந்தேன். ஆனால் அது சொல்பேச்சுக் கேட்காது. மேற்கே போக வேண்டுமென்று கிழக்குச் சன்னலைச் சாத்திப் பார்த்தேன். மாடு ஓட்டுகிற மாதிரி ஹேய் ஹேய் என்று சத்தம் கொடுத்துப் பார்த்தேன். கெஞ்சினேன். நான் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் அது இருந்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிடும். ஒருமுறை நடுரோட்டில் உட்கார்ந்து டவுன் பஸ் அரைமணி நேரம் நின்றது. நான் அக்காவை மறந்து, முருங்கைக்கீரை ஆய்ந்து, பிள்ளைக்குக் காக்கா காட்டிக்கொண்டிருந்தால் மட்டும் எழுந்து ஆடி ஆடி நடக்கும். அப்படி நான் மறந்திருந்த ஒரு சாயங்காலம் அது குளத்தங்கரை மேலேறி, ஓடைக்கு இந்தப் பக்கம், பனைமர வரிசையில் போய் நின்று பருத்திநல்லூரைப் பார்த்தது. கொடியில் சீலைத்துண்டுகள் ஆடின. அக்கா வீட்டுக்குள்ளிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது, பதறியதும் அது உட்கார்ந்துவிட்டது, நான் அழுதபிறகுதான் எழுந்து வீட்டுக்குத் திரும்பியது.

அதை யாரோ பார்த்து மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. “நாளைக்கு அது ஓடையைத் தாண்டிட்டா என் சத்தியம் என்ன ஆவது?” என்று ராத்திரி முழுக்கப் புலம்பிவிட்டு, காலையில் கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல நேரம். நாலு மூலையிலும் குழி தோண்டி, கம்பி கட்டி, காங்கிரீட் போட்டு அடுப்பங்கரையை நிலத்தோடு இறுக்கிவிடுவது என்று முடிவானது. அதுவரைக்கும் அது ஓடைப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வடிவு அத்தையைக் காவலுக்கு ஏற்றிவிட்டார்.

அத்தைக்கு மூட்டுவலி. வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து வீடு, அதற்குமேல் அவள் எங்கும் போய் வருஷக்கணக்காகிறது. ஏறி அரிவாள்மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், அடுப்பங்கரை தெருவில் இறங்கியதும் சன்னலில் தலையை நீட்டி, எதிர்ப்பட்ட எல்லாரிடமும், “நான் ஒண்ணும் ஊர் சுத்த வரல, இவளைக் காவல் காக்க வந்திருக்கேன்” என்று அறிவித்தாள். இரண்டாம் தெருவிலும் அறிவித்தாள். மூன்றாம் தெருவில், “இது யாரு வீடுட்டி, மாடி எடுத்திருக்கான்?” என்று கேட்டாள். அதற்கப்புறம் அறிவிக்க மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் அடுப்பங்கரை எழுந்தது, களத்துமேடு வரைக்கும் போனது, அங்கே உட்கார்ந்துவிட்டது. நான் உரித்த பூண்டையே மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு விட்டால் இல்லை என்பதைத் தவிர மனசில் வேறொன்றும் நிற்கவில்லை.

“ஏன் நின்னுட்டு?” என்றாள் அத்தை.

“நான் அவசரப்பட்டா நின்னுரும் அத்தை.”

“எங்க போக அவசரம்?”

நான் பூண்டுத் தட்டைப் பின்னால் நகர்த்தினேன். அத்தை பூண்டைப் பார்த்தாள், டப்பாவை எடுத்துத் திறந்து முகர்ந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற மருந்துப்பொடி வாசம் எந்தப் பெண்ணுக்கும் மறக்காது.

“ஆவுடைக்கா?”

“பால் ஊறலையாம் அத்தை.”

அத்தை டப்பாவை மூடினாள். சன்னல் வழியே வெயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள். பிறகு, “நீ பிள்ளைக்குச் சோறு ஊட்டு” என்றாள்.

“அத்தை, நேரம் போவுது…”

“ஒன் அவசரத்தை எங்கிட்டக் குடுத்திட்டு நீ சோறு ஊட்டுட்டி. நான் அவசரப்படுதேன். நான் அவசரப்பட்டு இந்த வீட்டுல ஒரு காரியம் நடந்ததும் இல்ல, ஒரு காரியம் நின்னதும் இல்ல. இது மட்டும் என்னைக் கண்டுக்கவா போவுது?”

நான் வர்ஷினியை மடியில் வைத்து, பருப்புச் சோற்றைப் பிசைந்து, அதோ பார் மைனா, அதோ பார் ஆடு, அந்த ஆட்டுக்கு ஏன் ஒரு காது மடங்கியிருக்கு என்று கதை சொல்லிக்கொண்டே ஊட்டினேன். அத்தை வாசற்படியோரம் உட்கார்ந்து, “போ, போயேன், நல்ல நேரம் வருதுல்லா, கொத்தனான் கம்பியோட வந்திருவாம்லா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குப் பதிலாக அவசரப்பட்டாள். எனக்கோ ஆட்டின் காதைப் பற்றி உண்மையாகவே யோசனை வந்துவிட்டது. அது மடங்கித்தான் பிறந்ததா, இல்லை மற்ற ஆடு கடித்ததா? எப்போது எழுந்தது, எப்போது கரை ஏறியது, எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது. ஓடைத்தண்ணீர் சலசலத்தது. தட்டில் தம்ளர்கள் ஆடின. நிமிர்ந்து பார்த்தபோது சன்னலுக்கு நேரே, கைக்கு எட்டுகிற தூரத்தில், அந்தச் சீலைத்துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

அடுப்பங்கரை அக்கா வீட்டுப் பின்வாசலில், படியோடு படி உரசுகிற மாதிரி நெருங்கிப் போய் உட்கார்ந்தது. அக்கா கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, தலை வாராமல், கையில் பிள்ளையோடு நின்றாள். என்னைப் பார்த்தாள், பின்னால் ஓட்டுக்கூரையைப் பார்த்தாள்.

“எதுலட்டி வந்தே?” என்றாள்.

“அடுப்பங்கரையில இருந்தேன் அக்கா. உக்காரு. குழம்பு வைக்கேன்.”

குழம்பு கொதித்து வாசம் எழும்புவதற்குள் மொபெட்டுகள் வந்துவிட்டன. முன்னால் மாமா, பின்னால் கமிட்டிக்காரர்கள், கடைசியில் சிமெண்டு மூட்டையும் கம்பியுமாகக் கொத்தனார். ஓடைக்கு அந்தப் பக்கம் பனைமரத்தடியில் மாமா சடாரென்று பிரேக் போட்டார். அவர் காலை ஊன்றிய இடம் எங்கள் ஊர். ஒரு எட்டு எடுத்து வைத்தால் சத்தியம் போச்சு. வண்டியின் முன்சக்கரம் மட்டும் ஓடைக்குள் இறங்கியிருந்தது. அது காலா இல்லையா என்று கமிட்டிக்காரர்கள் அங்கேயே குசுகுசுத்து, பின்னுக்கு இழுத்துவிட்டார்கள்.

“ஏ பிரமு! யாரைக் கேட்டுட்டு அந்த ஊர் மண்ணை மிதிச்சே?” என்று மாமா அங்கிருந்தே கத்தினார்.

“நான் மண்ணை மிதிக்கல மாமா. நம்ம வீட்டு அடுப்பங்கரைத் தரையிலதான் நிக்கேன்.”

இந்தச் சத்தத்துக்கு அக்காவின் மாமனார் அணைஞ்சபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார். அக்கா தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் என் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் தட்டில் சோறு, குழம்பு, ஆவி.

“நிறுத்து! பூதத்தான் வீட்டுச் சோத்துல எங்க வீட்டுக் கை நனையப்படாது!” என்றார்.

“அவ கை எங்க நனையுது மாமா? அது பிள்ளையைல்லா பிடிச்சிருக்கு” என்று சொல்லி, உருட்டி வைத்திருந்த கவளத்தை அக்காவின் வாயில் கொடுத்தேன்.

அவர் குனிந்து அக்காவின் கைகளைப் பார்த்தார். இரண்டும் பிள்ளையைப் பிடித்திருந்தன, இரண்டும் காய்ந்திருந்தன. சத்தியத்தை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், உதடு அசைவது தெரிந்தது. அதில் வாயைப் பற்றி ஒன்றும் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் திரும்பி, “நனையல ஓய், சரியாத்தான் இருக்கு” என்று என் மாமனாரைப் பார்த்துக் கத்தினார். சண்டைக்கப்புறம் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

மாமா விடவில்லை. அவருக்குக் கொத்தனாரின் நினைவு வந்தது. கொத்தனார் எந்தச் சத்தியமும் பண்ணாத மனிதர், எந்த மண்ணையும் மிதிக்கலாம். “ஏல, நீ போ. போய் அங்கனயே குழியத் தோண்டி, காங்கிரீட்டப் போட்டு, அது இனி ஒரு அடி நகராதபடி இறுக்கிரு!”

கொத்தனார் கடப்பாரையோடு ஓடையைத் தாண்டி வந்தார். வந்தவரை வடிவு அத்தை வாசலில் மறித்தாள். “எய்யா, நீ தாராளமாப் போடு. ஆனா போடுததுக்கு முந்தி அவரைக் கேட்டுட்டு வா. இங்கன இறுக்கிட்டா அவரு அடுப்பங்கரை ஆயுசுக்கும் பருத்திநல்லூர்லல்லா நிக்கும்? சம்மதந்தானான்னு கேளு.”

கொத்தனார் கடப்பாரையைச் சாத்தி வைத்துவிட்டு, மறுபடி ஓடையைத் தாண்டிப் போய், மாமாவின் காதில் சொன்னார். மாமா மொபெட்டை ஸ்டாண்டு போட்டார். கமிட்டித் தலைவரைப் பார்த்தார். கமிட்டித் தலைவர் பனைமரத்தைப் பார்த்தார்.

“வடிவு!” என்று கடைசியில் மாமா குரலை இறக்கிக் கூப்பிட்டார். “நீயாவது எறங்கி வா.”

“எப்படிங்க எறங்க?” என்றாள் அத்தை. “எறங்கினா இந்த ஊர் மண்ணைல்லா மிதிச்சிருவேன்? அம்மன் மேல பண்ணின சத்தியம். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்பா. அது எப்ப எழும்புதோ அப்ப வாரேன்.”

“அது எப்ப எழும்பும்?”

“நாங்க யாரும் அவசரப்படாம இருந்தா எழும்பும். நான் அவசரப்படல.”

“அப்ப ராத்திரிச் சோத்துக்கு நாங்க என்ன செய்ய?”

அத்தைக்கு அந்தக் கேள்வி கேட்கவில்லை. அவள் என்னைத் தள்ளிவிட்டு, தட்டைத் தன் மடிக்கு இழுத்து, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் தான் போட்டுப் பார்த்தாள். “மிளகு பத்தாதுட்டி, பிள்ளப் பெத்தவளுக்கு இதா குழம்பு?” என்று என்னை ஏசிவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு கை பொடியை அள்ளிப்போட்டுக் கிளறினாள். அக்கா வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, காரத்துக்குத்தான் என்று சொன்னாள். தட்டு காலியானதும் இன்னும் கொஞ்சம் கேட்டாள். அக்காவுக்குப் பிறந்திருந்தது பெண்பிள்ளை. வர்ஷினி அதன் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அக்கா முந்தானையை இழுத்துவிட்டுப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தாள். அழுதுகொண்டே இருந்த அந்தப் பிள்ளை ஒரு மூச்சு இழுத்தது, இன்னொரு மூச்சு இழுத்தது, பிறகு சத்தமே இல்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் மாமாவும், இந்தப் பக்கம் அணைஞ்சபெருமாளும், இப்படி ஒரு அடுப்பங்கரை ஊர் விட்டு ஊர் வந்து நிற்பதற்கு என்ன பெயர் என்று பெருங்குரலில் வாதம் பண்ண ஆரம்பித்திருந்தார்கள். விருந்து என்றார் இவர். படையெடுப்பு என்றார் அவர். கமிட்டிக்காரர்களும் அக்காவின் கொழுந்தன்மாரும் ஆளுக்கு ஒரு பெயரை எடுத்து வீசினார்கள்.

வடிவு அத்தை சன்னலில் தலையை நீட்டினாள்.

“ஏய், சத்தம் போடாதிய. பிள்ள பால் குடிக்கி.”

இரண்டு ஊர் ஆண்களும் வாயை மூடிக்கொண்டு, ஓடைக்கு இரண்டு கரையிலும் நின்றார்கள். நான் மறுநாள் கஞ்சிக்கு உளுந்தை அளந்து ஊறப் போட்டேன்.